செலினியம் மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர், காட்பாடி பக்கம் 'புற்றுநோய் வராது' என்று நம்பி செலினியம் என்ற தாதுச்சத்து மாத்திரை வாங்குவோர் கவனத்துக்கு. குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற புரதங்களுக்குள் சேர்ந்துதான் செலினியம் செல்லைக் கெடுக்கும் பெராக்சைடுகளை முறிக்கிறது. அந்தப் புரதங்களுக்குத் தேவையானது கிடைத்தபின், கூடுதலாக விழுங்குவதால் அவை பெருகுவதில்லை.

அமெரிக்காவில் 2001ல் தொடங்கிய 'செலக்ட்' ஆய்வில் ஆண்களுக்குத் தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்தும் புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை; 2008ல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே உடலில் செலினியம் அதிகம் இருந்தவர்களுக்கு வீரியமான புற்றுநோய் அபாயம் கூடியதும் பிறகு தெரிந்தது. இதுதான் எங்கள் கவலை.

பெரியவர்களுக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும். ஒரு முட்டையிலேயே சுமார் 15 இருக்கிறது, மீனில் இன்னும் அதிகம். நாள்கணக்கில் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். சத்து மாத்திரை இரண்டு வகை சாப்பிட்டால், அட்டையைத் திருப்பி இரண்டிலும் உள்ள செலினியத்தைக் கூட்டிப் பாருங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

- மருந்தாளுநர்கள் சிலர், காட்பாடி