அண்ணாவிமாருக்குக் கூத்தாலேயே அஞ்சலி

ஆசிரியருக்கு,

மறைந்த சொப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) பாடகியும் குரல் பயிற்சி ஆசிரியையுமான ஒருவரை, ஒபேரா என்னும் மேற்கத்திய இசை நாடகம் ஒன்றை மேடையேற்றி நினைவுகூர்ந்த செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். ஒலிவாங்கி இல்லாமல் மண்டபம் நிறையப் பாடும் கலை அது. குரல் பழக்கியவருக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறில்லை. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளையும் பழக்கிய ஆசிரியர்களான அண்ணாவிமாருக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? எங்கள் ஊரில் ஓர் அண்ணாவியாரின் நினைவுக் கூட்டம் முழுக்கப் பேச்சுத்தான். அவரிடம் ஆடப் பழகியவர்கள் கதிரைகளில் சும்மா இருந்தார்கள். பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப்பாட்டு ஒன்றைக்கூடப் பாடும்படி அவர்களை யாரும் கேட்கவில்லை. மனம் கனத்துப்போனது.

இனி, ஆண்டு நினைவிலாவது அவர்கள் பழக்கிய கூத்தின் ஒரு பகுதியை வட்டமான கூத்து மேடையாகிய வட்டக்களரியில் மத்தளத்தோடு ஆட வேண்டும். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களையும் பழைய கூத்தர்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு