சேர்ந்திசைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு விதிப்படி கூடியது. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் பாடினோம். செப்டம்பரில் சேர்ந்திசையை வளர்த்த இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன் (எம்.பி.எஸ்.) நூற்றாண்டையொட்டி ஒரு மாலை நிகழ்ச்சி நடந்தது. டிசம்பர் 11, பாரதியார் பிறந்தநாளில் நூலக அரங்கில் பாடினோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. முதியோர் இல்ல நிகழ்ச்சி மழையால் தள்ளிப்போய் ஜனவரியில் நடந்தது.

இந்த ஆண்டின் முக்கியமான பணி ஆடிஷன், அதாவது புதிதாகச் சேர வருபவர்களுக்கான குரல் தேர்வு.

இதுவரை நம் குழுவில் எப்படிச் சேர்த்துக்கொண்டோம் என்பது எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒரு உறுப்பினர் ‘நல்லா பாடுவாங்க’ என்று ஒருவரை அழைத்து வருவார். வந்தவர் ஒரு பாட்டுப் பாடுவார், கைதட்டிச் சேர்த்துக்கொள்வோம். நம் பாட்டில் ஒரே நேரத்தில் நான்கு லைன்கள் வெவ்வேறு மெட்டில் போகும்: பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ; ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ். அடுத்த மாதம் அவர் ஆல்டோ வரிசையில் நின்றுகொண்டு சோப்ரானோவின் மெட்டைப் பாடிக்கொண்டிருப்பார். அவர்மேல் தப்பில்லை. தனியாக அழகாகப் பாடுவது வேறு, பக்கத்தில் இன்னொருவர் வேறு சுரத்தில் நிற்கும்போது தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவதை நாம் சோதித்துப் பார்த்ததே இல்லை.

அதனால் ஜூன் முதல் முறையான குரல் தேர்வைக் கொண்டுவந்தேன். இதைப் பற்றித் தவறான பேச்சு உலவியதால் முறையை இங்கே பதிவு செய்கிறேன். முதலில் வந்தவருக்குப் பிடித்த பாட்டு, அவருக்கு வசதியான சுருதியில். அப்புறம் கீபோர்டில் அரைச் சுரம் அரைச் சுரமாக ஏற்றியும் இறக்கியும், குரல் எங்கே நெரிகிறது, எங்கே வெறும் காற்றாகிறது என்று பார்ப்பது. நம் பெண்கள் பெரும்பாலும் 5 கட்டைச் சுருதியிலும் ஆண்கள் ஒன்றிரண்டு கட்டையிலும் பாடிப் பழகியவர்கள். சேர்ந்திசையில் எல்லாருக்கும் ஒரே சுருதிதான்; ஆகவே அவரவர் குரலின் எல்லை தெரிந்தாக வேண்டும். பிறகு ச, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்தி, நடுவில் இருக்கும் காந்தாரத்தை மட்டும் பாடச் சொல்வது. கடைசியாக, ஒரு சிறிய மெட்டின் இரண்டாவது லைனைச் சொல்லிக்கொடுப்போம். நம் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நின்று முதல் லைனைப் பாடுவார். வந்தவர் தன் லைனில் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஆகஸ்டில் ஒரு கல்லூரி மாணவி வந்தார். கீர்த்தனை ஒன்றைச் சங்கதி சங்கதியாக அவ்வளவு சுத்தமாகப் பாடினார். காந்தாரத்தைப் பாடச் சொன்னபோது கமகத்தோடு அசைத்தே பாடினார். பல ஆண்டுப் பயிற்சி அப்படி. ராகத்துக்கு அந்த அசைவுதான் உயிர். ஆனால் மற்ற குரல்கள் நேராக நிற்கும்போது ஒன்று மட்டும் அசைந்தால் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, கலங்கிவிடும். இரண்டாவது லைனில் மூன்றாவது வார்த்தையிலேயே முதல் லைனுக்குப் போய்விட்டார். அதே மாலை அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். குரல் சாதாரணம், மேலே போனால் உடையும். ஆனால் பக்கத்தில் பாடியவர் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டியும், அவர் கண்ணை மூடி, தொடையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு, கடைசிச் சுரம் வரை தன் பேஸ் லைனிலேயே நின்றார். அவரைச் சேர்த்தோம். மாணவியைச் சில மாதம் ஒத்திகையில் உட்கார்ந்து கேட்கச் சொன்னோம்.

இதற்கு எதிர்ப்பு வந்தது. பெருந்திரளையே பாடவைத்த எம்.பி.எஸ்.ஸின் நூற்றாண்டில் நாம் கதவைச் சாத்துகிறோமா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பெருந்திரளில் ஒருவர் தடம் மாறினால் சுற்றியிருக்கும் நூறு பேர் தாங்கிக்கொள்வார்கள். நாம் லைனுக்கு நான்கு பேராக மொத்தம் 16 பேர். இங்கே யார் தாங்குவது? அந்த மாணவி ஜனவரியில் மறுபடி பாடித் தேறினார். இப்போது ஆல்டோவில் மற்றவர்கள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறேன்.

தேர்வில் தேறிச் சேர்ந்தால் மட்டும் போதாது, ஒத்திகைக்கு வர வேண்டும். பட்டியலில் 16 பேர் இருந்தும் எந்தச் சனிக்கிழமையும் 16 பேர் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரல் போட்டவர்கள் மறுநாள் வருவதில்லை. லைன் வாரியாக ஆடியோ பதிவு செய்து அனுப்புகிறேன். அதை வீட்டில் கேட்டுவிட்டு நேரே நிகழ்ச்சிக்கு வந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நீண்ட வரிகளில் ஒரு லைனில் இருப்பவர்கள் மாற்றி மாற்றி மூச்சு எடுத்தால்தான் ஓசை அறுபடாது. அந்த ஒழுங்கைச் சேர்ந்து நின்று பழக வேண்டும், ஆடியோவில் வராது. பாரதியார் நாளில் டெனருக்கு ஒரே ஒருவர்தான் வந்தார். அவர் மூச்சு எடுத்த இடத்திலெல்லாம் டெனர் லைனே இல்லாமல் போயிற்று. முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். வராத மூவரில் இருவர் அன்று காலைவரை வருவதாகச் சொன்னவர்கள். பெயர் சொல்லவில்லை.

சந்தா மாதம் 300 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு ஆண்டு முழுவதற்கும். கேட்டால் ‘ஜிபே பண்ணிடறேன்’ என்கிறார்கள். ஹால் வாடகையை முதல் தேதி கொடுத்தாக வேண்டும்; சில மாதங்கள் பொருளாளரும் நானும் முன்பணம் போட்டுச் சமாளித்தோம். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. வாடகை, சுரத்தாள் ஜெராக்ஸ், கீபோர்டு பழுது ஆகியவை முக்கியச் செலவுகள். கையிருப்பு சுமார் ஒரு மாத வாடகைக்கு வரும். முழுக் கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம்.

நூலக நிர்வாகத்துக்கும், கீபோர்டு வாசித்த தம்பிக்கும், ஒத்திகைதோறும் சுக்குக் காப்பி கொண்டுவந்த அம்மாவுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஹால்காரர் வாடகையை உயர்த்தப் போகிறார். இப்போதுள்ள சந்தா வரவில் அதைக் கொடுக்க முடியாது. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், 16 பேர் நிற்க இடமுள்ள மாடியோ வகுப்பறையோ யாரிடமாவது இருந்தால் நாம் பிழைத்துக்கொள்வோம். என் பதவிக்காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. பொறுப்பேற்க யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். என்னையே தொடரச் சொன்னால், சந்தா பாக்கியும் வருகைப் பதிவும் மே மாதத்துக்குள் ஒழுங்காக வேண்டும் என்பதைப் பொதுக்குழு தீர்மானமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த குரல் தேர்வு ஜூன் முதல் சனிக்கிழமை. டெனருக்குத்தான் ஆள் தேவை. 1 கட்டையில் மேல் ஸ்தாயி மத்யமத்தை நெரிக்காமல் தொடுகிற ஆண் குரல் உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இருந்தால், சனிக்கிழமை மாலைகளில் அவருக்கு வேறு வேலை இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அழைத்து வாருங்கள்.

செயலாளர்