மலையைக் குடைந்தவர்கள் சீனர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் ரயில் பாதை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1869 மே 10 அன்று இரு பக்கத்திலிருந்தும் வந்த பாதைகள் யூட்டாவில் சேர்ந்தபோது தங்க ஆணி அடித்த காட்சி கண்முன் வந்து நின்றது. ஆனால் பாதை போட்டவர்கள் என்று ஐரிஷ்காரர்களை மட்டும் சொல்லி முடித்துவிட்டது மனதை உறுத்துகிறது. ஒமாஹாவிலிருந்து மேற்கே வந்த யூனியன் பசிபிக் பாதைக்கு அது பெருமளவு பொருந்தும். சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே புறப்பட்ட சென்ட்ரல் பசிபிக் பாதையிலோ, வேலை செய்தவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் சீனர்கள். பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

நான் முப்பது வருடம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். சியரா நெவாடா மலையை அவர்கள் குடைந்த கதையைப் படித்தால் இப்போதும் எனக்குத் தோள்பட்டை வலிக்கும். உச்சியில் உள்ள சுரங்கம் மட்டும் 1,659 அடி, முழுக்கக் கருங்கல். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். துளை ஆழமானதும் வெடிமருந்தைத் திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓட வேண்டும். இவ்வளவு செய்தும் ஒரு பக்கத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி சொச்சம்தான் நகர்ந்தது. இரண்டு முனையிலும் குடைந்தது போதாதென்று, நடுவில் கிணறு போல இறங்கி அங்கிருந்தும் இரு பக்கமும் குடைந்தார்கள். 1866-67 குளிர்காலத்தில் முகாமிலிருந்து வேலைக்குப் போகவே பனிக்குள் வழி வெட்ட வேண்டியிருந்தது. பனிச்சரிவில் புதைந்தவர்களின் உடல்கள் சில, பனி உருகிய பிறகுதான் கிடைத்தன.

கொதிக்கவைத்த தேநீரைச் சிறு பீப்பாய்களில் ஊற்றி, காவடி போலத் தோளில் சுமந்து வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுவருவார்களாம். பச்சைத் தண்ணீர் குடித்த மற்றவர்கள் வயிற்றுக்கடுப்பில் படுத்தபோது சீனர்கள் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கேங்கில் தண்ணீர் கொண்டுவரும் ஆளின் அருமை வெயிலில் லைனில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

சரி, கூலிக்கு வருகிறேன். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. சீனர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். மாதம் 40 டாலர், சுரங்கத்துக்குள் வேலை நேரம் குறைய வேண்டும், இவ்வளவுதான் கேட்டார்கள். சென்ட்ரல் பசிபிக்கின் கட்டுமானப் பொறுப்பாளர் சார்லஸ் குரோக்கர் முகாமுக்குப் போகும் உணவுப் பொருட்களை நிறுத்தினார். ஒரு வாரத்துக்குள் வயிறு அவர்களைத் திரும்ப வேலைக்கு அழைத்துவந்தது.

1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 10 மைல் பாதை போட்டார்கள். அன்று தண்டவாளம் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் தூக்கியதும் சாதாரண பாரமல்ல, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாளில் கட்டையை நேராக்கி, ஆணி அடித்து, மண்ணைக் கெட்டித்த சீனர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. சம்பளப் பதிவேட்டிலும் பெரும்பாலும் கும்பலின் தலைவர் பெயர்தான்.

அடுத்த பகுதி குடியேற்றம் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவோடு நிறுத்திவிட வேண்டாம். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 1882இல் சட்டம் போட்டதையும், அந்தத் தடை 1943 வரை நீடித்ததையும், 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரி ஊரில் 28 சீனர்கள் கொல்லப்பட்டதையும் அவசியம் எழுதுங்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு இருக்கிறது. 1910 முதல் அங்கே இருந்த குடியேற்றச் சோதனை நிலையத்தில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்துவைக்கப்பட்ட சீனர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன. அந்தச் சுவரின் படம் கிடைத்தால், தங்க ஆணிப் படத்தைப் போட்ட அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி