மழைப் படத்தைப் பாத்திட்டு தூண்டிலோட வெளிக்கிடாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் பெட்டிக்கை யாழ்ப்பாணத்து வெப்பநிலையும் மழை வருமோ வராதோ எண்டதும் போடுறியள், நல்லது, தோட்டக்காரருக்கும் உடுப்புக் காயப்போடுற ஆக்களுக்கும் அது காணும். ஆனா இப்ப சனி ஞாயிறு எண்டால் எங்கட குடாநாட்டுக் கிழக்குக் கரையில மணல்காட்டிலயும் நாகர்கோயில் பக்கமும் நீட்டு றொட்டோட நிக்கிற பெடியளைக் கண்டனீங்களோ தெரியாது, கரையில நிண்டு அலைக்கு அங்கால எறிஞ்சு பாரையும் சீலாவும் பிடிக்கிறது ஒரு விசராவே பிடிச்சிட்டுது (எனக்கும்தான்). அந்தப் பெடியளுக்கு ரண்டு கதை சொல்லவும், உங்களிட்ட ஒரு நாலு வரி கேக்கவும்தான் இதை எழுதுறன்.

எல்லாரிட்டயும் போனில காத்தும் அலையும் காட்டுற விண்டி அப் இருக்கு, சிலபேர் அதைப்போல விண்ட்குரு பாக்கினம், அதில குறையில்லை. ஆனா திறந்த உடன பாக்கிறது முகில் படத்தைத்தான். மழை எண்டு காட்டினால் பயணம் நிண்டிடும், வெயில் எண்டு காட்டினால் மோட்டச்சைக்கிள் வெளிக்கிட்டிடும். மழை பெய்தால் நாங்கள் நனைவம், மீன் ஏற்கனவே நனைஞ்சுதானே கிடக்கு. பாக்க வேண்டியது காத்து எந்தப் பக்கத்தால வருது, என்ன வேகம், அலை எத்தினை செக்கனுக்கு ஒருக்கா வருது, இந்த மூண்டும்தான்.

எங்கட குடாநாட்டில இருக்கிற புண்ணியம் என்னெண்டால் கரையள் ஒவ்வொரு திசையைப் பாத்துக் கொண்டு நிக்குது. மாதகல், காங்கேசன்துறையில இருந்து பருத்தித்துறை மட்டும் வடக்குப் பாத்த கரை, அங்கால திரும்பி மணல்காடு, நாகர்கோயில், மருதங்கேணி, தாளையடி, வெற்றிலைக்கேணி எண்டு போறது வங்காள விரிகுடாவைப் பாத்த கரை, பின்னால கடல்நீரேரி, அந்தப் பக்கம் தீவுகள். ஒரு கரையில காத்து முகத்தில அறைஞ்சால் இன்னொரு கரையில அது முதுகுக்குப் பின்னால நிக்கும். சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கிற மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் அப்பில 20 நொட்ஸ் எண்டு, அதாவது மணிக்கு 37 கிலோமீற்றர் எண்டு, கலர் எல்லாம் மாறிக் காட்டும், பெடியள் பயந்து விட்டிடுவாங்கள். ஆனா அதே காத்து மணல்காட்டில தரைப் பக்கத்தால வருது, கரையோரம் கடல் அடங்கிக் கிடக்கும், எறிஞ்ச ஈயம் காத்தோட சேந்து இன்னும் அங்கால போய் விழும். மாரியில வடகிழக்கால வாற வாடை 12 நொட்ஸ் எண்டு சாதுவாக் காட்டேக்கைதான் கவனம் வேணும், நாள்க்கணக்கா ஒரே திசையில அடிச்சு வந்த காத்து எண்டபடியா கடல் வந்து மோதும், தண்ணி கலங்கி, சாதாளைப் பாசி தங்கூசி முழுக்கச் சுத்தி, அலை சரிஞ்சு அடிக்கிறதால ஈயம் உருண்டு போய் பக்கத்தில நிக்கிறவன்ர லைனோட சிக்கி, பிறகு மீனை விட்டிட்டு சண்டையைத்தான் பிடிக்கலாம். அண்டைக்கு நீரேரிப் பக்கம் போறதுதான் புத்தி.

சோளகத்தில இன்னொண்டு. தரைக்காத்து எண்டதும் கடல் அமைதியா இருக்கு எண்டு ரெஜிபோம் தெப்பத்தில ஏறி இரையை அங்கால கொண்டுபோய்ப் போடுற பழக்கம் சில இடத்தில இருக்கு. அந்தக் காத்து உங்களைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவராது, நடுக்கடலுக்குத்தான் தள்ளும். தயவு செய்து வேண்டாம்.

அலை உயரத்துக்கு வருவம். அப்பில 1 மீற்றர் எண்டு இருந்தால் வாற எல்லா அலையும் இடுப்பளவு எண்டு நினைக்கிறாங்கள். அது வாற அலையளுக்கை பெரிசா இருக்கிற மூண்டில ஒரு பங்கின்ர சராசரி மட்டும்தான், சில மணித்தியாலம் நிண்டால் அதைப்போல கிட்டத்தட்ட ரண்டு மடங்கில ஒண்டு வந்தே தீரும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கல்லுக்கரையில ஏறி நிண்டு எறியிறவை அந்த ஒண்டை நினைச்சுத்தான் நிக்கிற இடத்தைத் தெரிய வேணும். உயரத்துக்குப் பக்கத்தில செக்கன் கணக்கு ஒண்டு போட்டிருக்கும், அதை ஒருத்தரும் பாக்கிறேல்லை. 4, 5 செக்கன் எண்டால் பக்கத்துக் காத்து எழுப்பின சின்ன அலை, கிட்டக்கிட்ட வந்து கரைச்சல் தரும், ஆனா பலம் குறைவு. 10, 12 செக்கனுக்கு மேல எண்டால் அது எங்கயோ தூரத்தில பிறந்து வாற அலை, உயரம் குறைவாக் காட்டினாலும் மணலில கனதூரம் ஏறி வந்து, திரும்பிப் போகேக்கை காலுக்குக் கீழ மண்ணையும் சேத்து உருவிக்கொண்டு போகும். பாக்கு நீரிணைப் பக்கத்துக்கு அந்தமாதிரி நீட்டு அலை வாறது குறைவு, இலங்கைத் தீவே குறுக்க நிண்டு தடுக்குது. வங்காள விரிகுடாவைப் பாத்த வடமராட்சி கிழக்குக் கரைக்கு அப்பிடி மறைப்பு ஒண்டுமில்லை, தாழமுக்கம் ஆந்திராப் பக்கம் போகுது எண்டு நாங்கள் நிம்மதியா இருக்கேக்கை இங்க வெயில் எறிச்சுக்கொண்டே அலை ஏறும். 2024 மே மாசம் கன்னியாகுமரிக்குக் கிட்ட லெமூர் கடற்கரையில மருத்துவம் படிச்ச பிள்ளையள் 5 பேரை அலை கொண்டு போனது தூரத்தில இருந்து வந்த உப்பிடியான அலையாலதான், ஹைதராபாத்தில இருக்கிற இந்தியக் கடல் தகவல் நிலையம் அதுக்கு முன்னமே எச்சரிக்கையும் விட்டிருந்தது.

சரி, அப் சொல்லுறதை அப்பிடியே நம்பலாமோ எண்டால், அது எங்கட கரையைக் காணுறதே இல்லை எண்டதை முதல் விளங்க வேணும். விண்டி காட்டுறது கொம்பியூட்டர் மொடல்கள் போடுற கணக்கு, அதுக்கை ஐரோப்பியன் மொடல் 9 கிலோமீற்றருக்கு ஒரு கட்டம், அமெரிக்கன் ஜிஎப்எஸ் 22 கிலோமீற்றருக்கு ஒரு கட்டம். வடமராட்சி கிழக்கில கடலுக்கும் நீரேரிக்கும் இடையில தரை எவ்வளவு ஒடுக்கம் எண்டு உங்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்துக்கையே கடலும் மணலும் பனங்காடும் நீரேரியும் எல்லாம் அடங்கிப் போகும். பின்னேரக் கடல்காத்து எழும்பிறது, கரைக்குக் கிட்ட மணல் திட்டு எங்க, பள்ளம் எங்க எண்டது ஒண்டும் அதுக்குத் தெரியாது. ரண்டு மொடலையும் மாத்தி மாத்திப் பாருங்கோ, ரண்டும் ஒரே கதை சொன்னால் ஓரளவு நம்பலாம், ஒண்டுக்கொண்டு முரண்பட்டால் மோசமானதை எடுங்கோ. 5 நாளுக்கு அங்கால காட்டுறதை வச்சு லீவு போடாதேங்கோ. அதோட இரவு 9 மணிக்குப் பாத்திட்டுப் படுக்கிறது மொடல் பகல் எடுத்த கணக்கு, பின்னேரம் 5.30 நிலவரத்தை வச்சுப் போடுற புதுக் கணக்கு நடுச்சாமம் தாண்டித்தான் வந்து சேரும், அதால விடிய வெளிக்கிட முதல் திரும்ப ஒருக்காப் பாக்க வேணும். கிழக்குப் பக்கம் சில இடத்தில சிக்னல் நிக்காது, வீட்டில வச்சே ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ.

வத்துப் பெருக்கு விசயத்தில யூடியூப் பாத்துக் கெட்டுப்போனவை கனபேர். அவுஸ்திரேலியாக்காரன் பெருக்குக்கு ரண்டு மணித்தியாலம் முதல் போ எண்டு சொல்லுறான், அவன்ர ஊரில தண்ணி அந்தளவு ஏறி இறங்கும். எங்கட பக்கம் ரண்டடி ஏறினாலே பெரிய காரியம், அதுவும் அமாவாசை பறுவத்தை ஒட்டித்தான். இன்னும் சில அப்பில மீன் படம் போட்டு நட்சத்திரம் குடுத்து இண்டைக்கு மீன் கடிக்கும் எண்டு காட்டும். அது 1926 இல ஜோன் ஆல்டன் நைட் எண்ட அமெரிக்கர் ஒராள் சந்திரனை வச்சுச் சொன்ன கணக்கு, எனக்கு அதில நம்பிக்கை இல்லை, நம்பிறவை நம்பட்டும், ஆளுக்கு ஒண்டும் செய்யாது.

அப்பை விட்டால் வேற வழியில்லை எண்டு பெடியளுக்கு ஏன் வந்தது எண்டதையும் யோசிக்க வேணும். 1990 இல இடம்பெயந்த மயிலிட்டிச் சனத்துக்கு அந்தத் துறைமுகம் 2017 இலதான் திரும்பக் கிடைச்சது. பாஸ், நேரக் கட்டுப்பாடு, உயர் பாதுகாப்பு வலயம் எண்டு கடலே பூட்டிக் கிடந்த காலத்தில வளந்தவனுக்கு தேப்பனோட கரையில நிண்டு முகிலையும் நுரையையும் பாத்துப் பழக எங்க சந்தர்ப்பம் கிடைச்சது? இப்பவும் ஒண்டும் பிந்தேல்லை. கரைவலை இழுக்கிற பெரியவர் ஒராளிட்ட போய் ஐயா இண்டைக்குக் கடல் எப்பிடி எண்டு கேட்டால், அவர் போனைப் பாக்காமலே மணலில குந்தியிருந்து ஒரு பீடி முடியிற நேரம் அலையைப் பாப்பார், அதுக்குப் பிறகுதான் வாய் திறப்பார். நீங்களும் அதைச் செய்யலாம். போன உடன றொட்டைப் பூட்டாமல் ஒரு கால் மணித்தியாலம் மேட்டில நிண்டு, ஒரு அலை உடைஞ்சு அடுத்தது உடையிறதுக்கு எத்தினை செக்கன் எண்டு எண்ணுங்கோ, அப் 6 எண்டு சொல்ல கடல் 11 எண்டு காட்டினால் கடல் சொல்லுறதுதான் சரி. வெள்ளையா நுரைக்கிற இடம் திட்டு, அதுக்கும் கரைக்கும் இடையில கறுப்பா நுரையில்லாமல் ஓடுற தண்ணி பள்ளம், பாரை இரை தேடி வாறது அதுக்குள்ளதான். அதே பள்ளம் ஒரு இடத்தில திட்டை வெட்டிக்கொண்டு வெளியால போகும், அந்த வாயிலதான் தண்ணி ஆளை இழுக்கும், அங்க இறங்கி நிக்கக் கூடாது.

சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடிமுழக்கம் வாற காலத்தில இன்னும் கவனம். 13 அடிக் காபன் றொட்டுக்கு மின்சாரம் நல்லா ஓடும், வெட்டை மணலில அதைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவன்தான் அந்த இடத்திலயே உயரமான பொருள். முழக்கம் காதில கேட்டால் றொட்டை மணலில படுக்க வச்சிட்டு நடையைக் கட்டுங்கோ, மீன் நாளைக்கும் இருக்கும்.

இனி ஐயா உங்களிட்டக் கேக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் கடல் பிரதேசங்களுக்கான எதிர்வுகூறலைத் தமிழிலயும் வெளியிடுது, ஆனா புயல் வந்தால்தான் அது பேப்பரில வருது, மற்ற நாளில தேடித்தான் பாக்க வேணும். அந்தச் சின்னப் பெட்டியில வெப்பநிலைக்குக் கீழ வடக்குக் கரைக்கும் வடமராட்சி கிழக்குக் கரைக்கும் புறம்பாக் காத்துத் திசை, வேகம், அலை உயரம், எத்தினை செக்கன், காங்கேசன்துறை வத்துப் பெருக்கு நேரம், எச்சரிக்கை ஏதும் இருந்தால் அது, இவ்வளவும் போட்டால் போதும். நொட்ஸ் வேண்டாம், கிலோமீற்றரில போடுங்கோ. திசையை வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எண்டு ஊர்ப் பேரிலயே போட்டாலும் சரி, வீட்டில இருக்கிற ஆச்சியும் வாசிச்சிட்டு இண்டைக்குப் போகாத எண்டு மறிப்பா. பக்கத்தில அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117 ஐயும் போட்டு விடுங்கோ. இடம் காணாதெண்டால் வெள்ளியும் சனியும் மட்டுமெண்டாலும் போடுங்கோ, அந்த ரண்டு இரவும்தான் கனபேர் கரைக்கு வெளிக்கிடுறது.

நன்றி.

இப்படிக்கு,
தூண்டில்கார வாசகன் ஒருவன்,
பருத்தித்துறை