ஸ்ட்ரூப் அட்டை தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியில் உளவியல் எடுக்கும் பிள்ளைகள், அறிமுகப் பாடத்தில் கவனக் கட்டுப்பாட்டை அளக்கும் ஸ்ட்ரூப் பிராக்டிகலில் தவறான முடிவை எழுத நேர்கிறது. குற்றம் அட்டையில் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையில், நூறு வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்லச் சராசரியாக 63.3 விநாடி ஆனது. ஒரு நிறத்தின் பெயரை வேறு நிற மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னபோது 110.3 விநாடி. வாசித்துப் பழகிய கண்ணுக்குச் சொல்லை வாசிக்காமல் விடத் தெரியாது. அதுதான் நாக்கை மறிக்கிறது.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. மலையாள அட்டையை நீட்டினால், கூட்டி முடிக்கும் முன்பே நிறத்தைச் சொல்லிவிடுவார். ரெக்கார்டு நோட்டில் ‘கவனக் கட்டுப்பாடு மிக நன்று’ என்று ஏறும். உண்மையில் அங்கே அளந்தது மலையாள வாசிப்பு வேகம். ஆங்கில அட்டையிலும் இதே கதைதான்.

இத்தனைக்கும் சிவப்பு மலையாளத்தில் சுவப்பு, பச்சை பச்ச, நீலம் நீல. கறுப்பு அப்படியே கறுப்பு. தமிழில் பதில் சொன்னாலும் மலையாளத் தேர்வாளருக்குப் புரியும். அட்டையின் எழுத்தை மாற்றினாலே போதும்.

செய்வது எளிது. கட்ட அட்டை ஒன்று, சொல் அட்டை ஒன்று. வரிக்குப் பத்தாகப் பத்து வரி. நான்கு நிறமும் 25 முறை வரட்டும், ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. மஞ்சள் வேண்டாம், வெள்ளைத் தாளில் மங்கும், அதனாலேயே நேரம் கூடும். தவறாகச் சொன்னால் திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பாதிப் பேருக்குக் கட்ட அட்டையை முதலில் கொடுங்கள், மீதிப் பேருக்குச் சொல் அட்டையை. எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால் பழக்கமோ களைப்போ இரண்டாவது அட்டையின் கணக்கில் கலந்துவிடும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர் நேரம் குறிக்கட்டும். (கலர் பிரிண்டைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து வினியோகிப்பதும் நடக்கக்கூடியதுதான்!)

மலையாள அட்டையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரே மாணவர் இரண்டையும் செய்து, எதில் அதிகம் தடுமாறினார், ஏன் என்று சொன்னால், வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

– உளவியல் ஆசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை