இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

மாங்குரோவ் பிஞ்ச் என்ற அரிய குருவியைப் பற்றிப் பிள்ளைகள் வரைந்த படங்களின் கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டது, இன்னும் நம்ப முடியவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் முத்தியால்பேட்டை என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது எங்கள் தெரு இஸ்திரி வண்டி அண்ணனைப் பற்றி.

பிள்ளைகள் வரைந்த படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெயில் இல்லை, ஃபேன் போடக் கரண்டும் இல்லை. அண்ணனிடம் கரிப்பெட்டி இருந்தது. நான் கேட்கக்கூட இல்லை, "கொண்டாங்க சார்" என்று அவரே வாங்கி, மேலும் கீழும் பழைய வேட்டியைப் போட்டு, சூட்டைத் தணித்து ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். கிரேயான் படங்களை மட்டும் மெழுகு உருகிவிடும் என்று தனியாக எடுத்து வைத்தார். எனக்கு அது தோன்றியே இருக்காது.

"பாத்தா சாதாரணக் குருவியா இருக்கு, இதுக்கா இவ்ளோ பாடு?" என்றார். சொன்னேன். மாங்குரோவ் பிஞ்ச், பசிபிக் கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகளில், இசபெலா தீவின் வடமேற்குக் கரையில், நம் பிச்சாவரம் போல அலையாத்திக் காட்டில் வாழ்வது, ஆனால் அந்தக் காடு சுமார் 30 ஹெக்டேர்தான், குருவிகளும் மொத்தமே 100 இருந்தால் அதிகம். முட்டையை எலி தின்கிறது, தப்பிப் பொரித்த குஞ்சின் ரத்தத்தைக் கூட்டுக்குள்ளேயே ஈப்புழு உறிஞ்சுகிறது, எலி, ஈ இரண்டுமே மனிதர்களால் போய்ச் சேர்ந்தவை. அதனால் 2014-லிருந்து சில ஆண்டுகள் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, கையால் ஊட்டி வளர்த்து, அதே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

"வேற காட்டுல விட வேண்டியதுதானே?"

2010-ல் அதையும் செய்து பார்த்தார்கள், சில குருவிகள் பழைய இடத்துக்கே பறந்து வந்துவிட்டன என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார். "நாங்களும் தண்ணி வடிஞ்ச அன்னிக்கே முகாம்லேர்ந்து கெளம்பி வந்துட்டமே சார்." அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். கரிக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மாடி ஹாலைத் திறந்துவிட்ட அக்கா, ஜெனரேட்டரை முழங்கால் தண்ணீரில் தள்ளி வந்த தம்பிகள், வாடகையைக் குறைத்த பந்தல்காரர், டீ கொடுத்துக்கொண்டே இருந்த பெற்றோர்கள், எல்லோருக்கும் நன்றி, யாராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒன்று. இதே படங்களோடு கிள்ளை ஊர்ப் பள்ளிகளுக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம், பிச்சாவரத்துக் காட்டோரம் வளரும் பிள்ளைகள்தான் இதை முதலில் பார்க்க வேண்டியவர்கள். வேனில் இடம் இருக்கிறது, வருகிறவர்கள் சொல்லுங்கள். படங்களுக்கு பிளாஸ்டிக் உறையும் வாங்கியாயிற்று.