முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ் வினாத்தாள் பற்றி ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் இயற்பியல் பாடத்திட்டம் வகுக்கிற, வினாத்தாள் எடுக்கிற பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரிடமாவது நான் படித்திருக்கவும் கூடும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, இப்போது சாயங்காலங்களில் வீட்டு மாடியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு மெக்கானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண் ஒருத்தி. அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு பொருள் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறது. அதன் முடுக்கம், அதாவது வேகம் கூடுகிற வீதம், சீராக ஏறிக்கொண்டே போகிறது: முதல் விநாடி முடிவில் 6, இரண்டாவது விநாடி முடிவில் 12. இரண்டு விநாடியில் எவ்வளவு தூரம் போயிருக்கும்? அவள் யோசிக்கவே இல்லை. 'எஸ் ஈக்வல் டு யூ டி பிளஸ் அரை ஏ டி ஸ்கொயர்' என்று எழுதி, முடுக்கமான ஏ-க்கு 12 போட்டு, 24 மீட்டர் என்று இரட்டைக்கோடு இழுத்துவிட்டாள். சரியான விடை 8 மீட்டர். "பார்முலா சரியாத்தானக்கா போட்டிருக்கேன்?" என்றாள்.

பார்முலா சரிதான், முடுக்கம் மாறாமல் இருந்தால். அவள் அதுவரை பார்த்த கணக்குகளில் எல்லாம் அது மாறாமலே இருந்துவிட்டதால், அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே அவள் கண்ணில் பட்டதில்லை. மாறிக்கொண்டே போகிற அளவைத் துளித்துளியாகக் கூட்டுகிற தொகையிடல் கணக்கைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள், மடமடவென்று போடுவாள். பதினொன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான். போடத் தெரிகிறது, எங்கே போடவேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் படித்த கல்லூரியில் முதல் செமஸ்டரில் நிலைமத் திருப்புத்திறன் (ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) தருவிப்புகள், அதாவது சூத்திரத்தைப் படிப்படியாக வரவழைத்துக் காட்டுபவை, மட்டும் ஏழெட்டு: மெல்லிய தண்டு, வட்டத்தகடு, உள்ளீடற்ற கோளம், திண்மக் கோளம். சார் கரும்பலகை நிறைய எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். கோளத்தை ஏன் மெல்லிய தட்டுகளாக நறுக்குகிறோம், நறுக்கியதை ஏன் கூட்டுகிறோம் என்று நானும் கேட்கவில்லை, அவருக்கும் நேரமில்லை. தேர்வில் அதே திண்மக் கோளம் வந்தது. கடைசி வரியில் ஐந்தில் இரண்டு வந்தாக வேண்டும், எனக்கு வரவில்லை. நடுவில் எங்கேயோ ஒரு இரண்டைச் செருகி வரவழைத்துவிட்டேன். பத்துக்குப் பத்து!

மொழி வேறு படுத்துகிறது. பன்னிரண்டு வரை தமிழில் படித்த பிள்ளைக்கு வகைக்கெழு, அதாவது ஒன்று மாறுகிற வீதம், தெரியும். கல்லூரியில் வந்து உட்கார்ந்ததும் அது டெரிவேட்டிவ் ஆகிறது. கரும்பலகையில் ஒருநாள் எழுத்தின் தலையில் புள்ளி வைக்கிறார்கள், மறுநாள் 'டி எக்ஸ் பை டி டி' என்கிறார்கள். புள்ளி நியூட்டன் வைத்தது, 'டி' லைப்னிட்ஸ் போட்டது, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் கிடைக்காமல், மூன்றும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டு செமஸ்டரையே முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, மேலூர்ப் பெண்ணுக்கு வருகிறேன். அவர்கள் வீட்டில் பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி விவசாயம். வைகை அணை நிலவரத்தைப் பேப்பரில் பார்க்காமல் அவள் அப்பாவுக்குக் காபி இறங்காது. முழு நீர்மட்டம் 71 அடி, 69 அடியில் மூன்றாம் கட்ட வெள்ள எச்சரிக்கை என்பதெல்லாம் அவளுக்கே மனப்பாடம். அதனால் அணையை வைத்துக் கேட்டேன். திறப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள். காலை ஆறு மணிக்கு வரத்து ஒன்றுமில்லை. சீராக ஏறி, மாலை ஆறு மணிக்கு விநாடிக்கு 2,000 கன அடி வருகிறது. பகலில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கும்? பன்னிரண்டு மணி நேரத்துக்கு 43,200 விநாடி. 2,000-த்தால் பெருக்கினால் 86.4 மில்லியன் கன அடி என்றேன்.

"அதெப்படிக்கா? சாயங்கால வரத்து காலையிலிருந்தா வந்துச்சு? பாதிதான் வரும்" என்றாள். 43.2 மில்லியன், சரியான விடை. ஏ-க்கு 12 போட்டபோது என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாயங்கால வரத்தை விடியற்காலையிலேயே கணக்கில் சேர்த்திருக்கிறாள். நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு தானாகவே போட்டாள். வேகம் 12 வந்தது. தூரத்துக்கும் அந்த 12-ஐ இரண்டு விநாடியால் பெருக்கி, வந்த 24-இல் பாதி என்று எடுத்து 12 மீட்டர் எழுதினாள். அப்புறம் முறையாகத் தொகையிட்டுப் பார்த்தால் 8. "இங்க மட்டும் ஏன்க்கா பாதி இல்லாம மூணுல ஒண்ணு வருது?" முடுக்கம் நேர்கோட்டில் ஏறியது, வேகம் வளைந்து ஏறுகிறது. வரைபடம் போட்டுக் காட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

இந்த முக்கால் மணி நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். செமஸ்டருக்கு 90 வேலைநாள், அதிலும் பாதி நாள் நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பிடும் அமைப்பு) கோப்புகளோடு உங்களுக்கு மல்லுக்கட்டு என்று தெரியும். வகுப்பறையில் என்ன நடக்கவேண்டும் என்று சொல்ல நான் யார்? ஆனால் வினாத்தாளில் என்ன வருகிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும், அது உங்கள் கையில் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியே வகுப்பது. ஒரே ஒரு பத்து மார்க் தருவிப்பை எடுத்துவிட்டு, விசையோ முடுக்கமோ மாறிக்கொண்டே இருக்கிற ஒரு கணக்கை வையுங்கள். கிணற்றுக் கயிறு போதும். 20 மீட்டர் ஆழம், மீட்டருக்கு அரைக் கிலோ கயிறு, 10 கிலோ வாளி. இழுக்க இழுக்கக் கயிற்றின் கனம் குறைகிறது. மேலே கொண்டுவர எவ்வளவு வேலை? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் வாளிக்கு 2,000 ஜூல். கயிறும் மொத்தம் பத்துக் கிலோதான், ஆனால் அதற்கு 1,000 ஜூல்தான். அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், அதற்கும் இரண்டு மார்க் கொடுங்கள். நிறை மையம், அதாவது கனம் முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்கிற புள்ளி, தன்னால் விளங்கிவிடும். பழைய விடைத்தாளை நெட்டுரு போட்டு இதை எழுத முடியாது.

முடிந்தால் பாடத்திட்டத்தில் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் அச்சடித்துவிடுங்கள். காசு செலவில்லை.

அந்தப் பெண் போன வாரம் வந்து வேறொன்று கேட்டாள். கூம்பின் கன அளவிலும் மூன்றில் ஒன்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா என்று. ஒன்றுதான். நுனியிலிருந்து தள்ளிப் போகப்போகக் கூம்பின் குறுக்குப் பரப்பும் அந்த வேகம் போலவே வளைந்து ஏறுகிறது. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன், அவளே நிறுத்திவிட்டாள். அடுத்த வாரம் தேர்வாம், திண்மக் கோளத்தை இன்னும் ஒரு தடவை பார்க்காமல் எழுதிப் பார்க்கணுமாம்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தி,
மதுரை